மரக்காணத்துச் சுழல் ஓட்டல்

சாப்பாடு என்பது ஓரிடத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கொண்டு, அமைதியாக நடத்த வேண்டிய காரியம் என்றுதான் நாம் வெகுகாலமாக எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் சுத்தக் கர்நாடகம் என்று நம்மை இடித்துக் காட்டியவர் நம் நண்பர் ஒருவர். அவர் டில்லிக்குப் போய்விட்டு வந்தவர். டில்லிக்குப் போய் வந்தவர்கள் குதுப் மினாரைப் பற்றிப் பேசுவார்கள். செங்கோட்டையைப் பற்றிப் பேசுவார்கள். நம் நண்பரோ அங்கே சாப்பிட்ட ஒரு சாப்பாட்டைப் பற்றியே மூன்று மாதம் பேசினார்.

"ஸார்! இருபத்து நாலாவது மாடி! மேஜையை ஒருவரும் தள்ளவில்லை. நாற்காலியை ஒருவரும் இழுக்கவில்லை. ஆனால் தரையே நகருகிறது! ஸூப் வரும்போது ஜன்னலுக்கு வெளியே இந்தியா கேட். ரொட்டி வரும்போது ராஷ்டிரபதி பவனம். ஐஸ்கிரீம் வரும்போது ஜும்மா மசூதி! உட்கார்ந்த இடத்திலேயே க்ஷேத்திராடனம் ஆகிவிட்டது, போங்கள்!" என்றார்.

அவர் சொன்னது டில்லி கஸ்தூர்பா காந்தி சாலையில், அந்தரிக்ஷ பவன் என்னும் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் 'பரிக்கிரமா' என்ற உணவு விடுதியைப் பற்றி. பரிக்கிரமா என்றால் பிரதட்சிணம். ஒரு முழுப் பிரதட்சிணத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். நம் வீட்டில் கல்யாணப் பந்தியில்கூட ஒருவர் ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டால் அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். அங்கே அப்படி யாரும் வந்து நிற்பதில்லை போலும்.

இந்த விந்தையின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரித்துப் பார்த்தோம். ரோமாபுரியை ஆண்ட நீரோ சக்கரவர்த்தி கி.பி. 64-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு ஒரு பொன் மாளிகை கட்டினான். அதிலிருந்த வட்டமான விருந்து மண்டபம் ஆகாயத்தைப் போல் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருந்தது என்று ஸுவிட்டோனியஸ் என்ற சரித்திராசிரியர் எழுதி வைத்திருக்கிறார். வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருக்க, 2009-இல் ரோமில் பாலடைன் குன்றைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள், அத்தகைய மண்டபத்தைத் தாங்கியிருக்கக்கூடிய பெரிய வட்டத் தூண் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். நம் காலத்துச் சுழல் விடுதிகளுக்கு முன்னோடி 1959-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரத்துக் கோபுரத்தில் திறக்கப்பட்டது. 1961-இல் ஹொனலூலுவிலும், 1962-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து 'விண்வெளி ஊசி'க் கோபுரத்திலும் சுழலும் விடுதிகள் வந்தன. தமிழர் பலர் வாழும் கோலாலம்பூரில் 421 மீட்டர் உயரக் கோபுரத்திலும், கொழும்பில் 2022-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்திலும் சுழலும் உணவு விடுதிகள் அமைக்கப்பட்டன.

இதிலுள்ள சூட்சுமம் எளிது. கட்டடம் சுழல்வதில்லை. நடுவிலிருக்கும் தூணும், மின்தூக்கியும், பெரும்பாலும் சமையலறையும் அசையாமல் நிற்கின்றன. சாப்பாட்டு மேஜைகள் இருக்கும் வளையம் போன்ற தரை மட்டும் சக்கரங்களின் மேல் மெதுவாக நகருகிறது. சியாட்டில் கோபுரத்தில் அவ்வளவு பெரிய தரையைச் சுழற்ற ஆரம்பத்தில் ஒரே ஒரு குதிரைச் சக்தியுள்ள மோட்டார் போதுமாயிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய விடுதிகள் பலவற்றில் ஜன்னல் விளிம்பும் சுழல்வதில்லை. இது தெரியாத நம் நண்பர் எங்கேயோ ஒரு தடவை மூக்குக் கண்ணாடிக் கூட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாராம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த மேஜைக்குப் போய், அதற்கடுத்த மேஜைக்குப் போய், கண்ணுக்கு மறைந்துவிட்டது. "கவலைப்படாதீர்கள், தானே திரும்பி வரும்" என்று பரிசாரகர் சமாதானம் சொன்னாராம்.

"தமிழ்நாட்டிலே சாப்பாட்டைப் பார்க்கத் தெரியும்; சாப்பிடும்போது ஊரைப் பார்க்கத் தெரியாது" என்று நண்பர் ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டார். அது நமக்குச் சற்று உறைத்தது. "அப்படியா? பிரயாணமும் சாப்பாடுமாகவே ஒரு நூல் தமிழிலே இருக்கிறது. அந்த நூலில் வரும் கடற்கரைக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், வாரும்!" என்றோம்.

நாம் சொன்ன நூல் பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் என்ற புலவர், ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பற்றிப் பாடியது. பசித்து வரும் பாணனுக்கு, எந்த வழியாகப் போனால் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அதில் வழி சொல்லப்படுகிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் வீடுகளில் சுட்ட மீன். வேலூரில் புளி சேர்த்த சோறும் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும்! அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்துக் கடற்கரையே என்பது அறிஞர் பலருடைய கருத்து.

* * *

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள், பொழுது விடிவதற்கு முன்பே, நாமும் நம் வீட்டு அம்மாளும் நண்பருமாகச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புறப்பட்டோம். பாணர் குடும்பத்துக்குப் பரதவர் கொடுத்தது போல் நமக்கு வழியில் யார் கொடுக்கப்போகிறார்கள் என்ற சந்தேகத்தினால், நம் வீட்டு அம்மாள் தயிர் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டாள். விடியற்காலை அவசரத்தில் கட்டிய அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்டிக் கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. மொகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்து, 1750-இல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர்களால் பிடித்து இடிக்கப்பட்ட கோட்டை அது. ஒரு காலத்தில் இங்கே நாணயம் அச்சடித்தார்கள். கப்பல் துறையும் இருந்தது. மனிதர்கள் இடித்தது போக மிச்சமிருந்ததில் ஒரு பகுதியை 2004-ஆம் ஆண்டுச் சுனாமி கெடுத்தது. இப்போது செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சில மதில்கள் நிற்கின்றன.

நண்பர் ஒரு மதிலின் மேல் ஏறி நின்றார். "தரை சுழலாவிட்டால் என்ன? நாம் சுழன்றால் போயிற்று!" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். நாமும் ஏறிச் சுற்றிப் பார்த்தோம். கிழக்கே மணல் திட்டு; அதற்கப்பால் கடல். காலடியிலே கழிமுகத்தின் அமைதியான நீர். அதில் இரண்டு மூன்று படகுகள் குழந்தைகள் விட்ட காகிதக் கப்பல்கள் போல் அசைந்தன. மேற்கே தென்னையும் சவுக்கும். தெற்கே, வெகு தூரத்தில், வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஏதோ பளிச்சென்று வெண்மையாக மின்னியது. அதுதான் உப்பு.

"இங்கேயே சாப்பிட்டுவிடலாம்" என்றார் நண்பர். காற்றில் பறக்கும் மணலைக் காட்டி நம் வீட்டு அம்மாள் கண்டிப்பாக மறுத்துவிட்டாள். கீழே இறங்கினோம். மதில் மேலிருந்து பார்த்தபோது சித்திரம் போல் இருந்த படகு ஒன்று அப்போதுதான் கரைக்கு வந்தது. அதிலிருந்தவர் இரவெல்லாம் விழித்த கண்களோடு, வலையிலிருந்து பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். மீன் மிகவும் கொஞ்சமாக இருந்தது. உயரத்திலிருந்து பார்த்தால் படகு தெரிகிறது; படகுக்காரருடைய கண் தெரிவதில்லை. நண்பர் அவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே காரில் ஏறிக்கொண்டார்.

* * *

மரக்காணத்தை நெருங்க நெருங்கச் சாலையின் இரு புறமும் நிலம் கண்ணாடியாகிவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய வரையில் சதுரம் சதுரமாகப் பாத்திகள், பாத்திகளில் ஆகாயம். வரப்புகளின் மேல் வெண்மையான உப்பு அம்பாரங்கள். இமயமலைத் தொடரை யாரோ சிறு குழந்தைகளுக்காகச் சின்னஞ் சிறியதாகச் செய்து வைத்தது போல் இருந்தது.

இந்த ஊருக்குப் பழம் பெருமை பல உண்டு. சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாகக் கடலோரமாகவே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்த மரக்காணத்தோடுதான் முடிவடைகிறது. 1877-78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், கூலியாகக் கிடைத்த கஞ்சிக்காகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய ஜனங்களின் எலும்பு அந்தக் கால்வாயின் வரலாற்றில் கலந்திருக்கிறது. பின்னாளில் அதன் வழியாக விறகும் உப்பும் படகு படகாகச் சென்னைக்குப் போயின. இன்று அந்தப் படகுகள் இல்லை.

மேற்கே கழுவேலி ஏரி. உப்பு நீரும் மழை நீரும் கலக்கும் அந்த ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் அங்கே வந்து தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகினால் சேற்று நீரைச் சலித்துச் சாப்பிடுகின்றன. சுழல் ஓட்டலைவிட விசித்திரமாகச் சாப்பிடுகிறவர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள் என்று நண்பரிடம் சொன்னோம்.

உப்பளத்தின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அங்கேயிருந்த மேஸ்திரியிடம் அனுமதி கேட்டோம். "தாராளமா உக்காருங்க ஐயா" என்று சொல்லி, அவரே நம்மை வரப்பின் மேல் அழைத்துப் போய் உப்பு விளையும் விதத்தை விளக்கினார்.

கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சாப்பிடும் உப்பு முக்கால் பங்கு. ஆகவே, ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் கடல் நீர் வெயிலில் வற்றியாக வேண்டும். நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். அங்கே வண்டல் படிகிறது. பிறகு அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று நாளுக்கு நாள் நகர்த்துகிறார்கள். நீர் கெட்டியாகிக்கொண்டே வரும். "டிகிரி பாக்கணும் ஐயா. இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு பூக்கும். முப்பதுக்கு மேலே விட்டுட்டா கசப்பு ஏறிடும், அந்தத் தண்ணியை வெளியே தள்ளிடணும்" என்றார் மேஸ்திரி. போமே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் அளவு அது. கருவியைப் பாராமலே, நீரை விரலால் தொட்டுப் பார்த்து டிகிரி சொல்லக்கூடியவர்கள் அந்த அளத்தில் இருக்கிறார்களாம்.

பாத்தியில் உப்பு பூத்தபின் அதை நீண்ட கழியில் கோத்த பலகையால் வாரி, வரப்போரம் ஒதுக்கி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பிலிருந்து எழும் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நாம் போனபோது மணி பதினொன்று. ஐந்து நிமிஷம் வரப்பில் நின்றதற்கே நமக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

* * *

கொட்டகையில் வாழையிலையைப் போட்டுத் தயிர் சாதத்தைப் பரிமாறினாள் நம் வீட்டு அம்மாள். நண்பர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். அடுத்த கவளத்தை எடுக்காமல் யோசனையில் ஆழ்ந்தார். நாமும் வாயில் வைத்தோம். விஷயம் புரிந்துவிட்டது.

தயிர் சாதத்தில் உப்பு இல்லை. கறியிலும் இல்லை.

சுற்றிலும் மலை மலையாக உப்பு. நடுவிலே உப்பில்லாச் சாதம்! நம் வீட்டு அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதப்பட்டிராது. அதற்குப் பதிலாக, நல்ல வேளையாக, சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது.

விருந்துகளைப் பற்றிப் பேசும் அதே நூலில் விருந்தல்லாத சாப்பாடு ஒன்றும் வருகிறது. பாணன் வீட்டு அடுப்பங்கரை. கூரை இற்றுப்போயிருக்கிறது, சுவர் கரையான் பிடித்திருக்கிறது. அடுப்பில் நெருப்பு மூட்டி நாளாகிவிட்டதால் நாய் அங்கே குட்டி போட்டிருக்கிறது. பசியால் மெலிந்த அந்த வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பு இல்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கி, வாசற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு பங்கிட்டு உண்ணுகிறாள். அந்த நூலிலேயே எயிற்பட்டினத்துக் கடற்கரையும் வருகிறது. உப்பு வண்டி ஓட்டும் உமணரும் வருகிறார்கள். உப்பு விளையும் நாட்டிலே உப்பு வாங்க வழியில்லாத வீடு ஒன்றும் இருந்தது என்பதைப் புலவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இதை நாம் சொல்லி முடித்ததும் நண்பர் மெதுவாக, "நான் சாப்பிட்டது நாலு பக்கமும் கண்ணாடி போட்ட மாடி. ஊர் முழுவதும் பார்க்கும்படி சாப்பிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டல்லவா சாப்பிட்டாள்!" என்றார்.

அதற்குள் நம் வீட்டு அம்மாள் எழுந்து, அம்பாரத்தின் பக்கம் நின்றிருந்த ஓர் அம்மாளிடம் போய்விட்டாள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கலாம். சேலைக்கு மேல் பழைய ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு.

"ஏம்மா, கொஞ்சம் உப்பு வேணுமே! சாதத்திலே போட மறந்துட்டேன்" என்று நம் வீட்டு அம்மாள் கையை நீட்டினாள்.

"உப்பைக் கையிலே குடுக்கக் கூடாதும்மா, சண்டை வந்துடும். எலையிலே வைக்கிறேன், எடுத்துக்கோங்க" என்று அந்த அம்மாள் அம்பாரத்தின் உச்சியில் சுத்தமான இடமாகப் பார்த்து ஒரு பிடி அள்ளி வந்து, வாழையிலைத் துண்டின் மேல் வைத்தாள். "பாத்துப் போடுங்க. இது கல்லு உப்பு, கரையறதுக்கு நேரமாகும்" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

கல் உப்பை நுணுக்கித் தயிர் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டோம். அதற்கு முன்பும் நாம் எத்தனையோ தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறோம். இருந்தாலும், உப்பு என்ற ஒன்று சாப்பாட்டில் என்ன காரியம் செய்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்களேன்" என்று அழைத்தோம். "நான் பத்து மணிக்கே பழையதும் கருவாடும் சாப்பிட்டேன் ஐயா" என்று சொல்லி, அந்த அம்மாள் கொட்டகை நிழலில் சற்றே உட்கார்ந்தாள். எங்கே சாப்பிட்டாள் என்று கேட்டோம். "இதோ, இந்த வரப்புலேதான். தூக்கைத் திறந்து நின்னபடியே சாப்பிட்டுட்டு வாருகோலை எடுத்துடுவோம். உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள்.

2024-ஆம் வருஷக் கார்த்திகையில் அடித்த புயலைப் பற்றியும் அவளே சொன்னாள். நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. "வரப்பு எது, பாத்தி எது, ஒண்ணும் தெரியலே ஐயா. எல்லாம் ஒரே ஏரி. உப்புக்குத் தண்ணியும் வேணும், அதே தண்ணிதான் எமனும்" என்றாள். மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. "அது வர்றப்போ நல்லதுதான். ஆனா பிள்ளைங்க மூணு மாசமும் சாப்பிடுமே!" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குறை கூறும் தொனியே இல்லை. அதுதான் நம்மைச் சங்கடப்படுத்தியது.

* * *

பேசிக்கொண்டிருக்கும்போதே நண்பர், "அடடா! என் இலையில் வெயில் வந்துவிட்டதே! உட்கார்ந்தபோது நிழலாக அல்லவா இருந்தது?" என்றார்.

"நீர்தான் நகர்ந்துவிட்டீர்" என்றோம்.

"நான் அசையவே இல்லையே!"

"நீர் அசையவில்லை, தரை அசைந்தது. டில்லியில் நடந்த அதே விஷயந்தான்!"

பூமீசுவரர் எழுந்தருளியிருக்கும் இந்த ஊரில் பூமியானது மணிக்குச் சுமார் 1,630 கிலோ மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒரு பிரதட்சிணத்துக்கு ஒன்றரை மணி அல்ல, ஒரு முழு நாள். அந்தச் சுழற்சியில்தான் பாத்தியின் மேல் சூரியன் வருகிறது. கடற்காற்று மாறி மாறி அடிக்கிறது. நீர் வற்றி உப்பு பூக்கிறது. நீரோ சக்கரவர்த்திக்கும் கிடைக்காத மகா சுழல் ஓட்டல் இது! ஆனால் டில்லி ஓட்டலில் மோட்டார் தரையை நகர்த்த, நாம் உட்கார்ந்திருந்தால் போதும். இங்கே சூரியன் வந்துவிட்டுப் போவதற்குள் யாராவது ஒருவர் குனிந்து வாரியாக வேண்டும்.

நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்ட உப்பே நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தார் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு ஏழு கிலோ சொச்சம். உயரமான மாடியில் ஒருவர் ஒரு வேளை சாப்பிடும் பணத்தில் ஒரு குடும்பத்துக்குப் பல வருஷ உப்பு வாங்கிவிடலாம். அவ்வளவு மலிவான பொருளை விளைவிப்பவர்களுக்கு அதில் என்ன மிஞ்சும் என்று நாம் கடையில் பொட்டலம் வாங்கும்போது யோசிப்பதில்லை.

இன்னொன்றும் அந்த இலைத் துண்டைப் பார்த்தபோது தோன்றிற்று. அந்த அம்மாள் ஒரு பிடி உப்பை அள்ளி நமக்குக் கொடுத்தாளே, அந்தக் காரியம் 1930-இல் நடந்திருந்தால் குற்றம். சர்க்காருக்கு வரி செலுத்தாத உப்பை அளத்திலிருந்து ஒரு பிடி எடுப்பதும் சட்ட விரோதமாயிருந்த காலம் அது. அந்தச் சட்டத்தை உடைக்க மகாத்மா காந்தி தண்டிக்கு நடந்தார். தமிழ்நாட்டில் ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு, இதே கிழக்குக் கடற்கரையில் தெற்கே இருக்கும் வேதாரண்யத்தில் ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்.

அந்த யாத்திரையிலும் ஒரு சாப்பாட்டுக் கதை உண்டு. தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிறவர்களுக்கும் சிறைத் தண்டனை என்று அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராயிருந்த தார்ன் துரை எச்சரிக்கை விட்டார். சோற்றைக் கையால் கொடுத்தால்தானே குற்றம்? கிராமத்து ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள்! நடந்து வந்த தொண்டர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பொட்டலங்களை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். உயரத்திலிருந்து கிடைத்த சாப்பாடுகளிலே அதைவிடச் சிறந்ததை நாம் கேள்விப்பட்டதில்லை. கொடுத்தவர் முகம் தெரியாது. ஆனால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது சாப்பிட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. உப்பு நம்முடையதாயிற்று. உப்பு வாருகிறவர்களும் நம்மவர்கள்தாம் என்பது மட்டும் அடிக்கடி மறந்து போகிறது.

* * *

புறப்படும் சமயத்தில் நண்பர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். பெரிய ஓட்டல்களில் சாப்பிட்டுப் பழகியவர் அல்லவா? அந்த அம்மாள் ஓரடி பின்வாங்கிவிட்டாள்.

"ஒரு பிடி உப்புக்குக் காசா ஐயா? வேணாம். வண்டியிலே நல்ல தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க. கொண்டாந்தது காலையிலேயே தீந்துபோச்சு" என்றாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அதில் ஒரு துளியைக்கூட அந்த அம்மாளால் குடிக்க முடியாது! வெயிலில் நாலு மணி நேரம் வேலை செய்தவள், நாம் சாப்பிட்டு முடிக்கிற வரையில் தண்ணீர் கேட்காமல் நம்மோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நாமும் அவளைச் சாப்பிடச் சொன்னோமே தவிர, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டியில் ஐந்து லிட்டர் நீர் இருந்தது. நண்பரே ஓடிப்போய்த் தூக்கி வந்தார். அந்த அம்மாள் அண்ணாந்து நாலு மடக்குக் குடித்தாள். பிறகு, பாத்திக்குள் நின்றிருந்த மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் தூக்குச் சட்டியிலும் அளந்து ஊற்றினாள். ஒரு துளியும் கீழே சிந்தவில்லை.

திரும்பி வரும்போது நண்பர் வெகு தூரம் வரையில் டில்லியைப் பற்றிப் பேசவில்லை. மிச்சமிருந்த உப்பை நம் வீட்டு அம்மாள் இலையோடு மடித்து எடுத்து வந்து, அடுப்பங்கரைச் சாடியில் தனியாக வைத்திருக்கிறாள். அன்று முதல் நம் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு குறைந்ததே இல்லை. சில நாள் சற்று அதிகமாகவே இருக்கிறது.

நண்பர் இப்போதும் எப்போதாவது சுழல் ஓட்டல் பேச்சை எடுப்பதுண்டு. உடனே நம் வீட்டு அம்மாள், "அதெல்லாம் சரி; அங்கே உப்பு யார் கொண்டுவந்து வைத்தார்கள், பார்த்தீர்களா?" என்று கேட்பாள். நண்பர் பேச்சை மாற்றிவிடுவார்.